பேசாதவர்களின் சாவி

ஒரு பெரிய மருத்துவமனையில் பாதி ஆயுளைக் கழித்தும் ஒரு நோயாளியின் நாடியைக்கூடத் தொட்டுப் பார்க்காத ஒருத்தி இருந்தாள். ஊசி என்றால் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். ரத்தத்தைத் திரையில் எழுத்தாகப் படிப்பதோடு சரி. ஆனால் அந்த மருத்துவமனைக்கும் அதன் கிளைகளுக்கும் வந்து போன அத்தனை பேருடைய பெயர், வயது, வியாதி, யாருக்கு எந்த மருந்து ஆகாது என்பது வரை எல்லாம் அவள் பொறுப்பில் இருந்தன. அந்தத் தகவல்கள் அடுக்கிக் கிடக்கும் டேட்டாபேஸைக் கட்டி மேய்ப்பதுதான் அவள் உத்தியோகம்.

டேட்டாபேஸுக்குள் இருக்கும் அட்டவணைகளை அந்தத் தொழிலில் டேபிள் என்பார்கள். "அந்த டேபிள்ல யாரும் கை வைக்காதீங்க", "இந்த டேபிள் ஊதிப் போச்சு" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்ததால் ஆபீஸில் அவளுக்கு டேபிள் அக்கா என்று பெயர் நிலைத்துவிட்டது. இது காதில் விழுந்த அவளுடைய நாத்தனார், தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு ஒரு கால் ஆடுகிறது, ஆள் அனுப்ப முடியுமா என்று ஒருமுறை போனில் கேட்டாள். அக்கா பொறுமையாக விளக்கினாள். நாத்தனார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, ஆள் எப்ப வருவாங்க?" என்றாள்.

முதலில் அவள் கீழே பதிவு கவுண்டரில் பெயர் தட்டச்சு செய்யத்தான் சேர்ந்தாள். ஒரே ஆள் மூன்று பெயரில் மூன்று முறை பதிவாகியிருப்பதைக் கண்டால் அவளுக்குச் சோறு இறங்காது. இது தப்பு, அது ரெட்டை, இது யாருடைய வேலை என்று மேலே இருப்பவர்களைத் துளைத்தெடுத்தாள். தொணதொணப்பு தாங்காமல் அவளையே மேலே தூக்கி வைத்துவிட்டார்கள். சிலருக்குப் பதவி உயர்வு இப்படியும் வாய்க்கும்.

அப்போது கணினிகளெல்லாம் கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத ஒரு குளிர் அறையில் இருந்தன. அந்த அறைக்குப் பொறுப்பானவர் முழங்கையில் ஓட்டை விழுந்த பழுப்பு நிற ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உள்ளேயே இருப்பார். அவருக்குப் பெயர் வைக்க யாரும் மூளையைக் கசக்கவில்லை. ஸ்வெட்டர் என்றே கூப்பிட்டார்கள். டேட்டாபேஸ் அக்காவுடையது, அதற்கு ராத்திரிதோறும் நகல் எடுத்து வைக்கும் பேக்கப் வேலை அவருடையது. என்றாவது மூலம் கெட்டுப்போனால் நகல்தான் கதி.

இருவருக்கும் சண்டை வந்தது ஒரே ஒரு டேபிளால். எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதற்காக அக்கா புதிதாக ஒரு டேபிள் கட்டியிருந்தாள். சில மாதம் கழித்து ஒரு கணினி மண்டையைப் போட்டது. ஸ்வெட்டர் நகலைத் திறந்தார். எல்லாம் இருந்தது, அந்த டேபிளைத் தவிர. புதுசாக ஒன்று வந்த விஷயமே அவருக்குத் தெரியாது. "சொல்லியிருக்கணும்" என்றார் அவர். "பாத்திருக்கணும்" என்றாள் அவள். இந்த இரண்டு வார்த்தைக்கும் நடுவில் எத்தனை குடும்பங்கள் உடைந்திருக்கின்றன என்பது நமக்குத் தெரியும். ஆபீஸ் எம்மாத்திரம்.

காகிதக் கோப்புகளைத் தூசி தட்டி எடுத்து அந்த டேபிளை மறுபடி நிரப்பினாள் அக்கா. நிரப்பி முடித்த கையோடு, ஆத்திரம் அடங்காமல் மேனேஜருக்கு ஒரு நீண்ட மெயில் எழுதினாள். அதன் கடைசி வரி: "இந்த பேக்கப்பை நம்பி ஒரு நோயாளியின் பெயரைக்கூட ஒப்படைக்க முடியாது." எழுதியதோடு விட்டாளா? சிசி என்கிற, மெயிலின் நகல் போகும் முகவரியில் மருத்துவமனை மொத்தத்துக்குமான குழுவைச் சேர்த்துவிட்டாள். அந்தக் குழுவில் கேன்டீன் நடத்துகிறவர்கூட இருந்தார்.

ஸ்வெட்டர் பதில் எழுதவில்லை. மறுநாளிலிருந்து அவளோடு பேச்சையும் நிறுத்திவிட்டார். அவளும் முறுக்கிக்கொண்டாள். ஆபீஸில் எந்த வேலை ஆக வேண்டுமானாலும் அதற்கு ஒரு டிக்கெட் போட வேண்டும், அதாவது கணினியில் ஒரு கோரிக்கை பதிய வேண்டும். இனி இருவரும் டிக்கெட்டில்தான் குடும்பம் நடத்தினார்கள். "நேற்றைய நகல் முடிந்ததா?" என்று அவள் போடுவாள். "முடிந்தது" என்று அவர் மூடுவார். "முடிந்தது என்பதைப் பார்த்தேன்" என்று அவள் திறந்து மூடுவாள். பக்கத்துப் பக்கத்து மேஜைக்கு வந்த பிறகும் இதுதான் நிலைமை.

பக்கத்து மேஜைக்கு ஏன் வந்தார் என்றால், அவருடைய குளிர் அறை போய்விட்டது. எல்லாரையும் போல இவர்களும் கிளவுடுக்கு மாறினார்கள். மேகம் என்று பெயர்தான் ஆகாயத்தில் இருக்கிறதே தவிர, எங்கேயோ யாருடைய கட்டடத்திலோ ஓடும் கணினிகளில் இடம் வாடகைக்குப் பிடிப்பதுதான் விஷயம். அடித்தளத்து அறையில் உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டு அடைத்தார்கள். ஸ்வெட்டர் இரண்டாம் மாடிக்கு, வெயில் நேராக விழும் ஜன்னலோரம் வந்து சேர்ந்தார். ஆனாலும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. வியர்த்து வழிந்தாலும் கழற்றவில்லை.

கொஞ்ச நாளில் வேறொரு பயம் பிடித்தது. ஏதேதோ மருத்துவமனைகளின் தகவல்களை யாரோ திருடர்கள் தூரத்திலிருந்தே பூட்டிவிட்டுப் பணம் கேட்கிறார்கள் என்று செய்தி வந்தபடி இருந்தது. நிர்வாகம் பதறிப்போய் ஒரு பாதுகாப்பு ஆடிட்டரை வரவழைத்தது. அவர் சொன்ன ஏற்பாடு இது. வழக்கமான நகல்களோடு கூடுதலாக, யார் கையும் எட்டாத வேறொரு இடத்தில் கடைசி நகல் ஒன்று இருக்க வேண்டும். தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு போல அது தினமும் தானே பூட்டிக்கொள்ளும். திறக்கத்தான் சாவி வேண்டும். சாவி என்பது இரண்டு ரகசிய வாக்கியங்கள், ஆளுக்கு ஒன்று. இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து தட்டினால்தான் திறக்கும். ஒருவர் வாக்கியம் மற்றவருக்குத் தெரியக் கூடாது, எங்கேயும் எழுதி வைக்கவும் கூடாது.

"முக்கியமா அந்த ரெண்டு பேரும் கூட்டு சேரக் கூடாது. அப்படி யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார் ஆடிட்டர்.

மேனேஜர் சிரித்து யாரும் அதுவரை பார்த்ததில்லை. அன்று சிரித்தார். "சார், தேடி அலைய வேண்டியதே இல்ல. கைவசம் இருக்காங்க" என்றார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது ஆடிட்டர் விஷயத்தில் அப்படியே பலித்தது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடக்கும். சின்னக் கூட்ட அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் உட்காருவார்கள். ஒருவர் தட்டும்போது மற்றவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள வேண்டும் என்பது விதி. முகத்தைத் திருப்பிக்கொள்வது அவர்களுக்குப் புதிதா என்ன. முடிந்ததும் "முடிஞ்சுது" என்று சொல்ல வேண்டும், ஆனால் பேச்சுதான் இல்லையே. அதனால் மேஜையில் இரண்டு தட்டு. அந்தச் சுவரில் தீயணைப்புக் கருவி ஒன்று தொங்கியது. அதை எப்படிப் பிடிப்பது, எந்தக் கொக்கியை இழுப்பது என்று எழுதியிருந்ததை அக்கா படித்துப் படித்து மனப்பாடம் செய்துவிட்டாள். முதுகுக்குப் பின்னால் அவர் விரல்கள் ஒவ்வொரு எழுத்தையும் குத்துவது கேட்கும். எதையோ பழி தீர்ப்பது போல அடிக்கிறாரே என்று நினைத்துக்கொள்வாள்.

வருடத்துக்கு ஒருமுறை இருவரும் ஒரு உறுதிமொழித் தாள் நிரப்ப வேண்டும். அதில் ஒரு கேள்வி: மற்றவருடன் நட்போ உறவோ உண்டா? அக்கா "இல்லை" என்று எழுதுவாள். ஸ்வெட்டர் "இல்லை" என்று எழுதி அடியில் கோடும் போடுவார்.

இந்த விஷயங்களை வீட்டில் சொல்லும்போது அவள் வீட்டுக்காரர் சிரிப்பார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். "எங்க வண்டில பிரேக் ரெண்டு இருக்கு. ஓட்டுறவன் தப்பு பண்ணா நான் என் பக்கத்தை மிதிப்பேன். ஆனா நான் ஓட்டுறவனோட பேசுவேன்" என்பார்.

"நீங்க பேசல, திட்டுறீங்க."

"அதுவும் பேச்சுதானே."

இனி அந்தக் காலை. சில நாளைக்கு முன் ஸ்வெட்டர் தன் வீட்டில் மின்விசிறி துடைக்க ஸ்டூல் மேல் ஏறி, ஸ்டூல் சறுக்கி, இரண்டு கையையும் ஊன்றி விழுந்திருந்தார். இரண்டு மணிக்கட்டும் போச்சு, இரண்டிலும் மாவுக்கட்டு. அவர் மனைவி தட்டி அனுப்பிய விடுப்பு டிக்கெட்டை அக்கா பார்த்தாள். "பார்த்தேன்" என்று போட்டாள். "உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்" என்றும் தட்டினாள். பிறகு அதை அழித்துவிட்டாள்.

கிளவுடில் இடம் எடுத்தால் வாடகை மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். தேவையில்லாததைக் காலி செய் என்று மேனேஜர் நச்சரித்துக்கொண்டிருந்தார். சோதனைக்கென்று வைத்திருந்த போலி டேட்டாபேஸ் ஒன்றை அழிக்க அக்கா உட்கார்ந்தாள். பழைய நாளில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. நிஜம் ஓடும் திரைக்குச் சிவப்பு, சோதனைத் திரைக்கு மஞ்சள் என்று நிறம் வைத்திருப்பாள். கிளவுடுக்கு வந்த பிறகு எல்லாத் திரையும் ஒரே வெளிர் நீலம். இரண்டும் திறந்திருந்தன. போன் அடித்தது.

"முடிஞ்சுதாம்மா?" என்றார் மேனேஜர்.

"இதோ சார், ஒரு நிமிஷம்."

உறுதி செய்ய டேட்டாபேஸின் பெயரைத் தட்டவும் என்று திரை கேட்டது. தவறு நடந்துவிடக் கூடாதே என்றுதான் அப்படிக் கேட்கிறது. தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் யார் பெயரைப் படித்துத் தட்டுகிறார்கள்? மேலே காட்டிய பெயரையே நகலெடுத்துக் கீழே ஒட்டினாள். தினசரி நகல்களையும் சேர்த்து அழிக்கவா என்றது. ஆமாம் என்று டிக் அடித்தாள். ஆயிற்று. போனை வைத்துவிட்டுப் பெயரைப் பார்த்தாள். அது சோதனை இல்லை. நிஜம்.

அவள் கை தானாகவே பின்னால் போகும் பொத்தானைத் தேடியது. அப்படி ஒரு பொத்தான் உலகத்தில் இல்லை.

கீழே ஒவ்வொரு கவுண்டராக நின்றது. ஏன் நின்றது என்று பார்க்கப் போகிறவள் போல இறங்கிப் போனாள். டாக்டர்கள் நோயாளிகளிடமே கேட்டுக்கொண்டிருந்தார்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று. "காலையில ஒரு வெள்ளை, ராத்திரி ஒரு வெள்ளை" என்றார் ஒருவர். அறுவை சிகிச்சைகளைத் தள்ளி வைத்தார்கள். ஒரு பெரியவர் ஸ்ட்ரெச்சரில் கிடந்த மனைவியின் கையைப் பிடித்தபடி நர்ஸிடம் சொன்னார்: "இவளுக்கு ஏதோ ஒரு ஊசி ஆகாதும்மா. போன தடவை மூச்சே நின்னு போச்சு. பேரு எனக்கு வாயில நுழையல. உங்க கம்ப்யூட்டர்ல இருக்கும் பாருங்க."

அக்கா அங்கே நிற்க முடியாமல் திரும்பி மாடி ஏறினாள். அவள் கட்டிய டேபிள், அவள் சண்டை போட்ட டேபிள், அவள் கையாலேயே போய்விட்டது.

"யாரு பண்ணது?" என்றார் மேனேஜர். முகத்தில் ஈயாடவில்லை.

"பாத்துச் சொல்றேன் சார். முதல்ல கடைசி நகலைத் திறக்கணும்" என்றாள். பொய் இல்லை. உண்மையும் இல்லை. டிக்கெட்டிலும் யார் பெயரும் போடாமல் 'அழிந்துவிட்டது' என்று மட்டும் பதிந்தாள்.

கடைசி நகலைத் திறக்க ஸ்வெட்டர் வேண்டும். ஸ்வெட்டருக்குக் கை வேண்டும். ஆடிட்டர் எழுதி வைத்த விதிகளை மேனேஜர் புரட்டினார். சாவி வைத்திருப்பவரால் தட்ட முடியாத நிலை வந்தால், தன் வாக்கியத்தை மற்றச் சாவிக்காரரிடம் மட்டும் வாயால் சொல்லலாம், வேறு காது கேட்கக் கூடாது, அன்றே இரண்டு வாக்கியத்தையும் மாற்றிவிட வேண்டும் என்று இருந்தது. மேனேஜர் படித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "வாயால சொல்லணுமாம். உங்ககிட்ட" என்றார்.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். அவர் வண்டி கற்க வந்திருந்த பெண்மணியை அடுத்த தெருவில் இறக்கிவிட்டு, பழகுநர் பலகை மாட்டிய காரோடு அப்படியே வந்தார். வழியில் அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். எப்போதும் ஏதாவது கேலி வைத்திருப்பவர் அன்று வண்டியை வேகமாக விட்டார். சிக்னலில் நின்றபோது, "அந்த நகல் சரியா இருக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

அதுதான் கேள்வி. இத்தனை வருடமாக அந்த மனிதருடைய நகலை நம்ப முடியாது என்று சொல்லித்தான் அவள் தலை நிமிர்ந்து நடந்தாள். ஒத்திகையில் பூட்டு திறக்கிறதா என்று பார்த்தார்களே தவிர, உள்ளே இருப்பதை முழுசாக யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. அது சரியாக இருந்தால் அவள் பிழைப்பாள், அவள் சொன்னது பொய்யாகும். சரியாக இல்லாவிட்டால் அவள் சொன்னது மெய்யாகும், அந்தப் பெரியவருடைய மனைவிக்கு எந்த ஊசி ஆகாது என்று யாருக்கும் தெரியாது. தான் சொன்னது பொய்யாகப் போகட்டும் என்று அவள் மனசார வேண்டிக்கொண்டாள்.

ஸ்வெட்டரின் வீட்டுக் கதவை அவர் மனைவி திறந்தார். மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதானே டிக்கெட்?" என்றார். அந்த வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர் போலிருக்கிறது.

"ஆமாங்க."

"உள்ள வாங்க. சாப்பாடு ஊட்டிவிட்டா முறைக்கிறார், ஊட்டாட்டியும் முறைக்கிறார். நீங்க ஒரு ஆள் பாக்கி."

ஸ்வெட்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் வெள்ளையாக, பெரிதாக, மடியில் கிடந்தன. கட்டின் மேல் ஸ்வெட்டரின் கை நுழையாது என்பதால் அதைத் தோளில் போர்த்தியிருந்தார்கள். மேனேஜர் போனில் எல்லாம் சொல்லியிருந்தார். வேறு காது கேட்கக் கூடாது என்ற விதியை அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"என் வீட்டுலயே என்னை வெளிய நிக்கச் சொல்றீங்களா? நல்லா இருக்கே உங்க ஆபீஸு" என்றார் மனைவி. ஆனாலும் போனார். அக்காவின் வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்றிருந்ததால் பேச்சுத் துணைக்குக் குறைவில்லை. கதவு சாத்தியது.

அக்கா மடிக்கணினியைத் திறந்து, தன் வாக்கியத்தைத் தட்டப் போகும் முன் அவரைப் பார்த்தாள். அவர் விதிப்படி நாற்காலியோடு நகர்ந்து அலமாரியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தட்டி முடித்து, மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினாள். அவர் திரும்பினார்.

இப்போது அவர் முறை. அவர் வாயைத் திறக்கவில்லை. மேஜை மேலிருந்த பென்சிலைத் தாடையால் காட்டினார். அவளுக்குப் புரிந்தது. இவளோடு பேசுவதைவிடப் பென்சிலைக் கடிப்பது மேல் என்று நினைக்கிறார். பென்சிலை எடுத்து அவர் வாயில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பினாள். அங்கே தீயணைப்புக் கருவி இல்லை, ஸ்வெட்டரும் மனைவியும் ஏதோ கடற்கரையில் கண் கூசிக்கொண்டு நிற்கும் படம் இருந்தது. டக், டக் என்று வெகு நேரம் கேட்டது. பிறகு ஒரு முனகல். திரும்பினாள். தவறு என்றது திரை. மூன்று தரம் தவறினால் பூட்டு ஒரு வாரத்துக்கு அசையாது.

இன்னொரு தரம் முயன்றார். பென்சில் வழுக்கிக் கீழே விழுந்தது. தவறு என்றது திரை.

இனி ஒன்றுதான் பாக்கி. அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது. துடைக்க அவருக்குக் கை இல்லை. துடைக்க அவளுக்கு உரிமை இல்லை. அவள் விரல்களை எழுத்துகள் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தரையைப் பார்த்தபடி, பல வருடத்துக்குப் பிறகு அவளிடம் அவர் முதல் வார்த்தையைச் சொன்னார்.

"இந்த."

தட்டினாள்.

"பேக்கப்பை."

தட்டினாள். தன் வேலையைப் பற்றி ஏதோ பெருமை பேசும் வாக்கியம் போல என்று நினைத்தாள்.

"நம்பி."

அவள் விரல் நின்றது. பிறகு, யாரும் சொல்லாமலே, மேலே ஓடியது. ஒரு நோயாளியின் பெயரைக்கூட ஒப்படைக்க முடியாது. அவர் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அவள் அவருக்கு முன்னால் தட்டி முடித்துவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அவள் முதுகுக்குப் பின்னால், அவர் குத்திக் குத்தி அடித்தது இதைத்தான். அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள்.

பூட்டு திறந்தது.

"அலர்ஜி டேபிளை முதல்ல பாருங்க" என்றார் அவர்.

பார்த்தாள். இருந்தது. முந்தின ராத்திரி வரை ஒரு வரிகூடக் குறையாமல் இருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினாள். அப்போதும் குறையவில்லை.

"தினமும் பூட்டிக்கிறதுக்கு முன்னாடி அதத்தான் முதல்ல எண்ணுவேன்" என்றார் ஸ்வெட்டர். "உங்க வரியை நினைச்சா கோவம் வரும். கோவம் வந்தா தூக்கம் வராது. தூக்கம் வராட்டி வேற என்ன பண்றது, எண்ண வேண்டியதுதான்."

"நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது."

"எழுதுனது சரிதான். சிசி போட்டீங்க பாருங்க, அதுதான் தப்பு. கேன்டீன்காரருக்கு எதுக்குங்க போட்டீங்க? எத்தனையோ நாள் டீ குடுக்கும்போதெல்லாம் 'சார், பேக்கப் எப்படி இருக்கு'ன்னு கேட்டார். டீ குடிக்கிறதையே விட்டுட்டேன்."

அவளுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. நகல் மூலத்தின் இடத்துக்கு மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

"நான்தான் அழிச்சேன்" என்றாள்.

"தெரியும்."

"எப்படி?"

"இன்னைக்கு டிக்கெட்ல 'அழிந்துவிட்டது'ன்னு போட்டிருந்தீங்களாம், மேனேஜர் படிச்சுக் காட்டினார். யார் பண்ணதுன்னு பேர் போடாம நீங்க எந்தக் காலத்துல எழுதியிருக்கீங்க?"

அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டாள். மனைவி காபி கொண்டுவந்து, ஒன்றை அவளிடம் நீட்டிவிட்டு, மற்றதை ஸ்வெட்டரின் வாயருகே பிடித்தார். இந்த முறை அவர் முறைக்காமல் குடித்தார் என்று மனைவி வியந்தார்.

மாலைக்குள் கவுண்டர்கள் ஓடத் தொடங்கின. அன்று காலை பதிந்த கொஞ்சம் பேரைச் சீட்டுகளைப் பார்த்துத் திரும்பப் பதிந்துகொண்டார்கள். அந்தப் பெரியவரின் மனைவிக்கு ஆகாத ஊசியின் பெயரை நர்ஸ் திரையிலிருந்து படித்துச் சொன்னாள். அக்கா தன் இடத்தில் உட்கார்ந்து, அழித்தது நான், எப்படி அழித்தேன் என்று ஒன்றுவிடாமல் மெயில் எழுதினாள். நகல் போகும் முகவரியில் அதே பழைய குழுவைச் சேர்த்தாள், கேன்டீன்காரர் உட்பட. அவளுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றார் வீட்டுக்காரர். திரைக்கு நிறம் வைக்கும் வசதி கிளவுடிலும் எங்கேயோ ஒளிந்திருந்தது. தேடிப் பிடித்துச் சிவப்பு வைத்தாள். இரண்டு வாக்கியங்களையும் அன்றே மாற்றினார்கள். ஸ்வெட்டரின் கட்டுப் பிரியும் வரை அவருடைய சாவியை மேனேஜர் தலையெழுத்தே என்று சுமந்தார்.

கட்டுப் பிரிந்து அவர் வேலைக்குத் திரும்பிய மாதம் உறுதிமொழித் தாள் வந்தது. இருவரும் தத்தம் மேஜையில் நிரப்பி மடித்துக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மேனேஜர் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். மேஜையில் இரண்டு தாளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. மற்றவருடன் நட்போ உறவோ உண்டா என்ற கேள்விக்கு எதிரில், அவள் கையெழுத்தில் "உண்டு" என்றிருந்தது. அவர் கையெழுத்திலும், மாவுக்கட்டுக்குள் கிடந்த கை என்பதால் கொஞ்சம் கோணலாக, "உண்டு" என்றிருந்தது. அடியில் கோடும் இருந்தது.

"ஒருத்தர் போட்டிருந்தா ஒருத்தரை மட்டும் மாத்தியிருப்பேன். ரெண்டு பேரும் போட்டா ரெண்டு சாவியும் போச்சே!" மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இப்ப பேசிக்காத ரெண்டு பேரை நான் எங்க போய்த் தேடுவேன்?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"பார்மசி" என்றாள் அக்கா.

"பில்லிங்" என்றார் ஸ்வெட்டர்.

சாவி கைமாறிய அன்று பார்மசிக்காரரும் பில்லிங் அம்மாவும் கூட்ட அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அக்கா தன் மேஜைக்கு வந்து, பழக்க தோஷத்தில் டிக்கெட்டைத் திறந்து, "நேற்றைய நகல் முடிந்ததா?" என்று தட்டினாள். அனுப்பவில்லை. அழித்துவிட்டு, நாற்காலியைப் பக்கத்து மேஜைப் பக்கம் திருப்பினாள்.

"நேத்து நகல் முடிஞ்சுதா?"

"நீங்களே வந்து எண்ணிப் பாருங்க" என்றார் ஸ்வெட்டர், நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு இடம் விட்டபடி.